உங்கள் மதிலோரம் நொச்சிக்கு இடம் வேண்டும்

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்களில் ஆலை நடத்துகிறவர்களே, அங்கே 'கிரீன் பெல்ட்' பொறுப்பில் இருக்கும் சூழல் துறைப் பொறியாளர்களே, தோட்ட வேலையை எடுத்திருக்கும் கான்ட்ராக்டர்களே,



எங்கள் வட்டாரத்தில் ஆலை சம்பந்தமாக எதைக் கேட்பதென்றாலும் மாவட்ட ஆட்சியருக்கோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கோ மனு எழுதுவதுதான் பழக்கம். இந்த மடலை நான் உங்களுக்கே எழுதுகிறேன். நான் கேட்கப்போவதைக் கொடுக்க அரசாணை வேண்டாம், புதிய சட்டம் வேண்டாம். வளாகத்தில் எந்தக் கன்றை நடுவது, எந்தப் புதரை வெட்டுவது, வேலியோரம் தழை ஒடிக்க வருகிறவரை விரட்டுவதா விடுவதா என்பதெல்லாம் உங்கள் மேசையிலேயே முடிவாகிற விஷயங்கள்.

சூழல் அனுமதி வாங்கித் தொடங்கிய பல ஆலைகளுக்கு, மொத்தப் பரப்பில் 33 விழுக்காட்டைப் பசுமைக்கு ஒதுக்க வேண்டும் என்று விதித்திருந்த நிபந்தனை உங்களுக்கு மனப்பாடம். அந்த நிலத்தில் இன்று என்ன நிற்கிறது? சாலையிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. வரிசை பிடித்த கோனோகார்பஸ், நெட்டிலிங்கம், கத்தரித்து விட்ட அலங்கார வேலி, நடுவே தண்ணீர் பீய்ச்சி வளர்க்கும் புல்தரை. இதில் எதையும் எங்கள் அடுப்பிலோ அம்மியிலோ வைக்க முடியாது. கோனோகார்பஸை நடவே கூடாதென்று தமிழ்நாடு அரசு 2025-இல் தடை போட்டுவிட்டது. அதற்குப் பிறகும் பழைய வரிசைகள் அப்படியே நிற்கின்றன. அதை எடுத்துவிட்டு வேறு எதை வைப்பது என்று நீங்கள் யோசிக்க வேண்டிய நேரமும் இதுதான்.

நீங்கள் எதை நடுகிறீர்கள் என்பதைவிட எதை வெட்டுகிறீர்கள் என்பதுதான் எங்களுக்கு வலிக்கிறது. வளாகம் சுத்தமாக இருக்க வேண்டும், தணிக்கைக்கு வருகிறவர்கள் கண்ணில் புதர் படக் கூடாது என்று நீங்கள் களைக்கொல்லி அடிக்கச் சொல்லும் இடத்தில் என்னென்ன போகிறது தெரியுமா? நொச்சி போகிறது. சளி பிடித்தால் அதன் தழையைப் போட்டுத்தான் எங்கள் வீடுகளில் ஆவி பிடிக்கிறோம். காய்ந்த இலையை நெல் குதிருக்குள் போட்டுப் பூச்சியைத் தடுத்தார்கள். மாலையில் அதைப் புகைத்துக் கொசுவை விரட்டினார்கள். ஆடாதொடை போகிறது. இருமலுக்கு அதைவிட்டால் வேறு கஷாயம் கேட்கத் தோன்றாது எங்கள் பெரியவர்களுக்கு. ஆடு வாய் வைக்காது என்பதால் கொல்லைக்கு வேலியும் அதுவே. நுணா போகிறது. அதன் கட்டை எடை குறைவு, உறுதி அதிகம் என்று நுகத்தடிக்கு எடுத்தார்கள். வேரிலிருந்து மஞ்சள் சாயம் எடுத்தார்கள். முள்வேலியில் ஏறிக் கிடக்கும் தூதுவளை, முடக்கத்தான், முசுமுசுக்கை, பிரண்டை, கோவை எல்லாம் ஒரே மருந்தில் கருகிப்போகின்றன. மழை பெய்து பத்து நாளில் தரையில் முளைத்து வரும் கீழாநெல்லி, குப்பைமேனி, கரிசலாங்கண்ணி, தும்பை எதுவும் மிஞ்சுவதில்லை.

2020-ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா பரவியபோது ஊர் ஊராகக் கபசுரக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தார்கள். மூலிகைக் கடையில் பொட்டலம் கிடைக்காமல் திண்டாடினோம். அந்தக் குடிநீரில் 15 சரக்குகள். சுக்கு, திப்பிலி, கிராம்பு, கடுக்காய் போன்றவை கடைச் சரக்கு, வெளியிலிருந்து வருபவை. ஆனால் ஆடாதொடை, சீந்தில், கோரைக்கிழங்கு, வட்டத்திருப்பி, சிறுகாஞ்சொறி ஆகியவை நம் வேலியிலும் வரப்பிலும் கிடப்பவை. சீந்தில் வேப்பமரத்தில் தானாக ஏறும் கொடி. கோரைக்கிழங்கை நெல் வயலில் களை என்று பிடுங்கி எறிகிறார்கள். நோய் நாட்டையே ஆட்டிப் படைத்த நாளில் எதைத் தேடி ஓடினோமோ அதைத்தான் நோய் போன மறுவருடமே மருந்தடித்து அழித்தோம். அந்தக் குடிநீர் கொரோனாவைக் குணமாக்கிற்று என்று நான் வாதாட வரவில்லை. அது மருத்துவர்கள் பேச வேண்டியது. ஒரு நெருக்கடி வந்தால் ஏழையும் பணக்காரரும் கைநீட்டுகிற செடிகள் இவை, அவற்றுக்குத் தரையில் இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை.

இந்த இடமின்மை எப்படி வந்தது என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும். இந்தக் கடலோரப் பட்டையின் இயல்பான காடு உலர் பசுமைமாறாக் காடு. உயரம் குறைவு, அடர்த்தி அதிகம். பாலை, காயா, களா, காரை, சூரை, விராலி, சிற்றீச்சு என்று எல்லாமே இலை தடித்த, வறட்சி தாங்குகிற மரமும் புதரும். வெளியூர்க்காரர் கண்ணுக்கு வெறும் முட்காடு. எங்களுக்கு அது சந்தை. பாலை மரம் உலக்கைக்கு. அதன் பழம் பிள்ளைகளுக்கு. களாக்காய் ஊறுகாய்க்கு. விராலித் தழை சுளுக்குக்கு வைத்துக் கட்ட, அதன் மிலாறு கூரை வேய. சிற்றீச்சின் ஓலை துடைப்பத்துக்கும் கூடைக்கும், அதன் குருத்து மாடு மேய்க்கிற பையன்களின் பசிக்கு.

தேர்வாய்கண்டிகையில் அப்படி ஒரு காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் ஊரார் காத்துவந்தார்கள். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். சொந்தப் பட்டா நிலம் குறைவாக உள்ளவர்கள். ஆடு மாடு, விறகு, தேன், மூலிகை, ஏரிக்கு ஓடிவரும் மழைத்தண்ணீர் எல்லாம் அந்தக் காட்டிலிருந்து. காகிதத்தில் அது மேய்க்கால் புறம்போக்கு. 1,100 ஏக்கருக்கு மேல் சிப்காட்டுக்குப் போயிற்று. ஊர் ஆண்டுக்கணக்கில் போராடியது. பெண்கள் முன்னால் நின்றார்கள். 2012-இல் ஊரின் முறையீடு கடல் தாண்டிப் பிரான்ஸ் வரை போயிற்று. பிறகு என்ன நடந்தது என்பதை உங்கள் கட்டடங்களே சொல்கின்றன. அந்த வழக்கை இங்கே மறுபடி நடத்த நான் எழுதவில்லை. உங்களில் பலர் அப்போது இந்த வேலையிலேயே இல்லை. ஆனால் நீங்கள் நிற்கிற மண் வெற்று மண்ணாக உங்கள் கைக்கு வரவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

காடு போனதும் அதை நம்பியிருந்தவர்களில் அதிகம் இழந்தவர்கள் இருளர்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்திய ஆறு சமூகங்களில் ஒன்று அவர்களுடையது. எங்கள் மாவட்டத்தில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டிருக்கிறார்கள். பலருக்கு இன்றும் பட்டா இல்லை. காட்டில் வேலை போனபின் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு கொத்தடிமையாகச் சிக்கிய குடும்பங்கள் எத்தனையோ. மீட்புச் செய்திகளைப் பத்திரிகையில் நீங்களும் படித்திருப்பீர்கள். ஒரு சமூகத்துக்குக் காடு போவதென்றால் பழம் போவது, கிழங்கு போவது மட்டுமில்லை. யாரிடமும் கடன் வாங்காமல் ஒரு வாரம் தள்ளுகிற வழி போய்விடுகிறது.

பழவேற்காட்டு ஏரியிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் இருளர்கள் இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலை கிடையாது. இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் குனிந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பிடித்ததைப் போட ஒரு பெட்டி வேண்டும். அதைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். 'பரி' என்பார்கள். பனை ஓலையில் பின்னியது. கையடக்கம், எடையே தெரியாது, தண்ணீர் வடிந்துவிடும், உள்ளே விழுந்த இறால் துள்ளி வெளியே வராது. நாள் முழுக்க வாயில் கடித்திருக்க வேண்டிய பெட்டியை இரும்பிலோ பிளாஸ்டிக்கிலோ செய்து பாருங்கள், தாடை தாங்காது. ஒரு தொழில் முழுவதும் ஒரு பனை ஓலையை நம்பி நிற்கிறது. அந்த ஓலைக்குப் பனை வேண்டும். 2021 முதல் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று விதி இருக்கிறது. இருந்தும் மனைப்பிரிவு போடுகிற இடத்திலும் லாரி நிறுத்த மண் கொட்டுகிற இடத்திலும் பனைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் ஆலையின் பின்மதிலோரம் நடந்தது இது. எந்த ஆலை என்பது வேண்டாம். அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் இருளர் அம்மா, மதிலுக்கு வெளியே வாய்க்கால் கரையில் நொச்சி ஒடித்துக்கொண்டிருந்தார். செக்யூரிட்டி வந்து கட்டைப் பிடுங்கி வாய்க்காலில் வீசினார். நான் போய்ப் பேசியதும் அவர் சங்கடப்பட்டார். மேலிடத்து உத்தரவு என்றார். அந்த அம்மா சண்டை போடவில்லை. "வூட்ல கொழந்த மூச்சு வுட முடியாம கெடக்குது சார், ஒரு கை தழதான் கேட்டேன்" என்றார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு கரையோரம் நடந்தார். எந்த நொச்சியை ஒடிப்பது, எதை விடுவது என்று காட்டினார். கொழுந்தை விட்டுவிட்டு முற்றிய கிளையை மட்டும் கணுவுக்கு மேலே முறிக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த மழைக்கு இரண்டாகக் கிளைக்கும் என்றார். ஒரே செடியில் மூன்று கிளைக்கு மேல் கை வைக்கவில்லை. தூதுவளை இருக்கும் இடம், உத்தாமணி படரும் இடம், எந்தக் குட்டையில் கொட்டிக்கிழங்கு கிடைத்தது, எந்த வருடம் அந்தக் குட்டை மூடப்பட்டது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் தோட்டக் கான்ட்ராக்டர் கிளை கழிக்கும் எந்திரம் வைத்திருக்கிறார். அந்த அம்மாவிடம் இருந்த அறிவு அவரிடம் இல்லை. அந்த அம்மா போன்றவர்கள் வெளியே நிற்க, அந்நியச் செடி உள்ளே சொட்டுநீரில் வளர்கிறது என்பதை ஏற்க முடியவில்லை.

இது தமிழர் விவகாரம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். உங்கள் ஆலைகளில் உழைக்கிற ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பொன்னாங்கண்ணி பறிக்கிறார்கள். அவர்கள் ஊரில் அதற்கு வேறு பெயர், வேறு சமையல். கீரை அதே கீரைதான். மாதக் கடைசியில் அவர்களுக்கும் அது காசில்லாத குழம்பு.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். அவற்றில் ஒன்று மிகவும் நியாயமானது. உருக்காலையும் பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலையும் உள்ள இடத்தில் தின்னும் கீரையை வளர்க்கலாமா? கூடாது. கீரை மண்ணிலிருக்கும் உலோகத்தை உறிஞ்சி இலையில் சேர்க்கும். காற்றில் வரும் தூசும் இலைமேல் படியும். ஆகவே புகைபோக்கிக்குப் பக்கத்தில் உணவுச் செடியையோ மருந்துச் செடியையோ நான் கேட்கவில்லை. அங்கே பனை வையுங்கள், புங்கன், பாலை, பூவரசு, விராலி, சிற்றீச்சு வையுங்கள். மரமும் ஓலையும் துடைப்பமும் மட்டும் தரட்டும். தூசை வடிகட்டவும் அவை உதவும். உண்கிற செடியும் மருந்துச் செடியும் மண்ணைச் சோதித்துப் பார்த்து, சுத்தம் என்று தெரிந்த இடத்தில் மட்டும். உங்களிடம் ஆய்வுக்கூடம் இருக்கிறது, எங்களிடம் இல்லை. சோதனையை நீங்கள் செய்து முடிவை ஊருக்குத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். அந்தச் சோதனையில் உள்ளூர் மண் தேறவில்லை என்றால், அது கீரையைவிடப் பெரிய செய்தி. அதையும் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது பாம்பு. புதர் வைத்தால் பாம்பு வரும் என்பீர்கள். இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இலிருந்து சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்குகிறது. நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பங்கு அவர்கள் கையால் எடுத்தது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். உங்கள் பாம்புப் பயத்துக்குத் தீர்வு சொல்லக்கூடியவர்கள் உங்கள் மதிலுக்கு வெளியேதான் குடியிருக்கிறார்கள். வேலை கொடுத்துக் கூப்பிடுங்கள்.

மதில் போட்ட இடத்தில் காடு எப்படி என்று கேட்பவர்கள் வடகிழக்கே பார்க்கட்டும். பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப்புறம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவுதளத்துக்காக 1969-இல் தேர்ந்தெடுத்த தீவு. நாட்டிலேயே கடுமையான காவல் உள்ள இடங்களில் ஒன்று. இந்தக் கரையோரத்து உலர் பசுமைமாறாக் காட்டின் நல்ல மிச்சம் இன்று அந்தக் காவலுக்குள்தான் நிற்கிறது. அங்கே காடு பிழைத்தது. அதில் வாழ்ந்து அதன் செடி கொடியெல்லாம் அறிந்திருந்த யானாதிப் பழங்குடியினர் வெளியேற வேண்டியதாயிற்று. காட்டையும் காப்பாற்றி அதன் மக்களையும் வைத்துக்கொள்ள முடியாதா? முடியும் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு முன்னுதாரணம் வெகுதொலைவில், ஹவாய்த் தீவுகளில் இருக்கிறது.

ஹவாய்க்குப் போன ஆதிக் குடிகள் படகில் செடிகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சேம்பு, மஞ்சள், கரும்பு, தென்னை என்று அந்தப் பட்டியலைப் படித்தால் நம் வீட்டுக் கொல்லை மாதிரியே இருக்கும். நம் பூவரசும் அங்கே உண்டு. அதைக் குடைந்து உணவுக் கிண்ணம் செய்தார்கள். நம் நுணாவுக்கு நெருங்கிய சொந்தம்தான் அவர்களுடைய நோனி. அதன் சாற்றைப் பாட்டிலில் அடைத்து நம்மூர் மருந்துக்கடையில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். அந்தத் தீவுகளிலும் நிறைய நிலம் கரும்புத் தோட்டக்காரர்கள் கைக்கும் பிறகு விடுதி முதலாளிகள் கைக்கும் போயிற்று. ஆனால் 1978-இல் அந்த மாநிலம் தன் அரசியலமைப்பிலேயே பூர்வ குடிகளின் வழக்கமான உரிமைகளைக் காப்பதாக எழுதிக்கொண்டது. கடற்கரையில் விடுதி கட்ட அனுமதி கேட்ட ஒரு வழக்கில், 1995-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், இன்னும் முழுமையாக மேம்படுத்தப்படாத தனியார் நிலத்திலும் இயற்கையில் கிடைப்பதைச் சேகரிக்கும் பூர்வ குடி உரிமையை அனுமதி கொடுக்கிறவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நிலம் ஒருவருடையதாக இருக்கலாம். அதில் தழை ஒடிக்கும் பழைய உரிமை இன்னொருவருடையதாகத் தொடரலாம் என்று ஒரு நவீன அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. இங்கே அப்படி நீதிமன்றம் போகாமலேயே நீங்கள் அதைச் செய்யலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. கோனோகார்பஸ் வரிசைகளை எடுக்கும்போது அந்த இடத்தில் இந்த மண்ணின் மரமும் புதரும் வையுங்கள். கன்றுக்கு வெளி மாநில நர்சரிக்கு ஆர்டர் போடாதீர்கள். நாற்றும் விதையும் சேகரிக்க இருளர் பெண்களையும் ஊரில் மிஞ்சியிருக்கும் நாட்டு வைத்தியர்களையும் கேளுங்கள். கான்ட்ராக்டருக்குக் கொடுக்கிற விலையை அவர்களுக்குக் கொடுங்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் இருளர் பெண்கள் 1986-இலேயே தங்களுக்கென்று நலச்சங்கம் தொடங்கி மூலிகை வளர்ப்பிலும் மருந்து தயாரிப்பிலும் நெடுங்காலம் உழைத்திருக்கிறார்கள். முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்த்து வாருங்கள். அப்படிக் கேட்டு வாங்கிய அறிவை உங்கள் பெயரில் பதிந்துகொள்ளாதீர்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். அதில் அவர்கள் பெயரோடு ஏறட்டும்.

மதிலின் வெளிப்பக்கம், வாய்க்கால் கரை, நீங்கள் தத்தெடுத்திருக்கும் ஏரிக்கரை ஆகிய இடங்களில் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்துங்கள். பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று நிறுவனச் சட்டம் சொல்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள் கன்று நட்டுப் படம் எடுப்பதற்கு அதில் செலவிடுவதைவிட, இந்தக் கரைகளைப் பார்த்துக்கொள்ள இருளர் பெண்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். தழையும் கீரையும் ஓலையும் எடுக்க வருகிறவர்களுக்கு ஓர் அடையாள அட்டையும் வாரத்தில் குறித்த நாளும் கொடுத்தால் உங்கள் பாதுகாப்பு அதிகாரிக்கும் தலைவலி இருக்காது. யார் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். விரட்ட மாட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரியும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கும். எங்கள் பக்கம் கன்று நட அதுதான் காலம். அதற்கு முன்னால் உங்கள் அலுவலகத்தில் இந்த ஆண்டு நடவுக்கான பட்டியல் கையெழுத்தாகிவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு பக்கத்து இருளர் குடியிருப்புக்கு ஒருமுறை போய் வாருங்கள். அவர்கள் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லும் செடியை நீக்கிவிட்டு, சேர்க்கச் சொல்லும் செடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.